எடுக்காத பொட்டலம்

போன வாரம் பூமாரியை மீட்டிங் நடுவில் நிற்க வைத்துவிட்டு நான் நழுவிவிட்டதாகச் சில பேர் கோபித்துக்கொண்டீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவளை நிற்க வைத்தது நானில்லை, அவள் மாமனார் ஆறுமுகச்சாமி. அந்த மனுஷனைப் பற்றி இதுவரை நான் சொன்னதெல்லாம் கம்மி என்று இன்றைக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விதை, உரம், பூச்சி மருந்து விற்கும் பேச்சி வேளாண் மையம் ஆறுமுகச்சாமியுடையது. கரிவலம், சிவகிரி, வாசுதேவநல்லூரில் கிளைகள் உண்டு. பயிரில் நோய் கண்டால் விவசாயிகள் இலையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவார்கள். தலைமைக் கடையில் போன் மேசையில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் பதில் சொல்கிறவள் அவருடைய தங்கை சுமதி. கல்யாணமாகாதவள். பூமாரியின் புருஷனுக்கு அத்தை, பூமாரிக்குச் சித்தி முறை.

புருஷன் மகாராஜன் விதைக் கொள்முதலுக்கு வெளியூர் போயிருக்கிறான். அவனை எதிர்பார்க்காதீர்கள், இந்த வாரமும் வரமாட்டான்.

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள் பூமாரி. குவிந்து கிடக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதித்தர ஏ.ஐ. கொண்டுவரலாம் என்பது அவள் யோசனை. மாமனாருக்கும் ஆசைதான். ஆனால் அவர் அதைக் குளிர்சாதனப் பெட்டி வாங்குவதுபோல நினைத்தார். வந்து இறங்கும், பிளக்கைச் சொருகினால் ஓடும். அப்படியில்லை, முதலில் கடையைத் தயார் பண்ண வேண்டும் என்று பூமாரி மூன்று மாதமாகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

அவள் போட்ட திட்டம் இதுதான். ஆடி முழுவதும் ஒத்திகை. முதலில் ஒரே ஒரு கிளை, ஒரே ஒரு பயிர். விவசாயியின் பெயரையோ பாக்கியையோ யாரும் அதற்குள் போடக்கூடாது. வாரம் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து, எந்தப் பதில் தப்பாக வந்தது என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெஷின் எழுதும் எந்தப் பதிலும் அப்படியே வெளியே போகக்கூடாது. சுமதி பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயர் பதிலுக்கு அடியில் இருக்க வேண்டும். ஆவணியில் ஆரம்பம்.

இதை அவள் மீட்டிங்கில் சொன்னபோது கிளைக்காரர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ‘யார் வேலை போகும்?’ என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. மீட்டிங் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொருத்தராக அவள் காதருகே வந்து கேட்டார்கள். சிவகிரி கிளை சாம்சன் இன்னொரு உண்மையையும் போட்டு உடைத்தான். பையன்கள் எல்லாரும் ஏற்கெனவே தங்கள் போனில் ஏ.ஐ.யிடம் கேட்டுத்தான் மருந்து சொல்கிறார்களாம், தங்கள் சொந்த மூளையில் உதித்ததுபோல.  மெஷின் வருமா வராதா என்று இவர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அது எப்போதோ பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

ஆறுமுகச்சாமி அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“கேட்டுக்கிட்டேன் மக்கா. வெள்ளிக்கெழம பூ கேட்டுருவோம்.”

அதோடுதான் போன வாரம் நான் எழுந்து போனேன்.

*

வெள்ளிக்கிழமை விடிந்தபோதே காற்று கிளம்பிவிட்டது. ஆனிக் காற்று. கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே அவர்கள் புஞ்சைக்குக் கார் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி முழுக்கச் செம்மண். தூரத்தில் காற்றாலைகள் வெறி பிடித்தமாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. புஞ்சை நடுவில் குலதெய்வம் பேச்சியம்மன் உட்கார்ந்திருந்தாள். சூடத்தை ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் பெரிய காரியம் எதுவானாலும் இங்கே வந்து பூ கேட்காமல் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுவது வீட்டுக்கு மூத்த ஆண். பம்ப்செட்டில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு மோட்டார் ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாழையிலையில் மடித்து நாரால் கட்டிக்கொண்டு வருவார். எடுப்பது வீட்டின் கன்னிப் பெண். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது.

கன்னிப் பெண் என்றால் சுமதிதான். தலையில் பாதி நரைத்த பிறகும் அந்த வேலை அவளைவிட்டுப் போகவில்லை.

சந்நிதி முன்னால் இரண்டு பெண்களும் கைகூப்பி நின்றார்கள். பூமாரி வெள்ளை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சுமதி சிவப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பேச்சியம்மன் பாடு திண்டாட்டம்தான்.

சுமதியைத் தப்பாக நினைக்காதீர்கள். அவளுக்கு மெஷின்மேல் கோபமில்லை. பூமாரி மாதிரிக்குப் போட்டுக் காட்டியபோது அது சொன்ன பதில்களை அவளும் பார்த்தாள், பாதிக்குமேல் அவள் சொல்வதைவிடத் தெளிவாகவே இருந்தது. ஆனால் போன வாரம் சாப்பிடும்போது அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மெஷின் வந்துவிட்டால் நீ எதற்கு அங்கே வெயிலில் வந்து கஷ்டப்பட வேண்டும், வீட்டில் இருந்து கோயில் குளம் என்று போய் வா என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். அந்த நாற்காலி போனால் தான் யார் என்ற யோசனையில் சுமதிக்கு அப்புறம் ஒருவேளைச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. உன் பெயரைத் திட்டத்தின் நடுவிலேயே வைத்திருக்கிறேன் சித்தி என்று பூமாரி காட்டினாள்தான். நீ எழுதுவாய், அண்ணன் வெட்டுவார் என்று சொல்லிவிட்டாள் சுமதி.

தட்டில் இரண்டு பொட்டலம். சுமதி கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் இருந்ததை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

வெள்ளை.

ஆறுமுகச்சாமி முகம் மலர்ந்துபோயிற்று. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பூமாரி சந்தோஷத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். சுமதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“ஏட்டி சுமதி, இன்னொண்ணைக் கெணத்துல போட்டுட்டு வா.”

*

கிணற்றுக்குப் போகிற வழியில் அவள் தன் கையைத்தான் திட்டிக்கொண்டே போனாள். அந்தக் கையோடு அவளுக்குப் பழைய வழக்கு ஒன்று இருந்தது.

கடை திறந்த புதிதில் சிவகிரியிலிருந்து ராஜதுரை என்று ஒருத்தன் அவளைப் பெண் பார்க்க வந்தான். எலுமிச்சைத் தோட்டக்காரன். பஜ்ஜி காரமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவன். எல்லாரும் திகைத்து நிற்க, சுமதி மட்டும் உள்ளே நின்று சிரித்துவிட்டாள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, எனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தக் காலத்தில் அது சின்ன தைரியமில்லை.

பூ கேட்டார்கள். அவளே எடுத்தாள். சிவப்பு வந்தது.

ராஜதுரை வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அவனுக்கு இரண்டு பெண்கள். இன்றைக்கும் தோட்டத்தில் ஏதாவது என்றால் கடைக்குப் போட்டோ அனுப்புவான், சுமதியும் மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே அவனுக்கும் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் யார் வீட்டு விசேஷத்திலும் வலது கையால் குங்குமம் எடுத்துக் கொடுத்ததில்லை. தன் வாழ்க்கையைத் தானே தள்ளிவிட்ட கை, ராசியில்லாத கை என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு வந்த அடுத்த வரன்களை அவளே வேண்டாம் என்றாள்.

கிணற்றடிக்கு வந்து பொட்டலத்தைப் போட்டாள். அது விழவில்லை.

போன மாதம் ஒரு மயில் உள்ளே விழுந்து செத்துப்போனதால் கிணற்றுக்கு மேலே கம்பி வலை போட்டிருந்தார்கள். அவளுக்கு அது ஞாபகமில்லை. பொட்டலம் வலைமேல் உட்கார்ந்தது. குச்சியால் தள்ளிவிடலாம் என்று அவள் குனியும்போது காற்று முந்திக்கொண்டது. நார் அவிழ்ந்தது. இலை புரண்டது.

உள்ளே வெள்ளரளி.

சுமதி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அண்ணன் பிரித்ததும் வெள்ளை. இதுவும் வெள்ளை. அப்படியானால் எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் அவள் நாற்காலி போயிருக்கும். அவளுக்கு முதலில் வந்த பெயர் பூமாரி. இந்தப் பிள்ளை தன் திட்டம் நடக்க வேண்டும் என்று அம்மன் காரியத்தில் கை வைத்துவிட்டதே என்று நினைத்தாள். வலைமேல் கையை நீட்டி, பூவையும் இலையையும் பொறுக்கிச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

*

கார் ரோட்டுக்கு வருவதற்குள் ஆறுமுகச்சாமி பூமாரியின் திட்டத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

“அம்மையே உத்தரவு குடுத்துட்டா. பொறவு என்னத்துக்கு ஒத்திகை? அடுத்த வாரம் ஆடி பொறக்கு. ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கப்படாது. இன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிருவோம்.”

பூமாரிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. ஆடியில் தொடங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன, அதனால்தானே ஆவணி என்று எழுதினாள். ஆடியில் தொடங்கத்தான் கூடாது, தயாராவதற்கு யார் தடை போட்டது? வெள்ளை வந்தால் தன் திட்டம் நடக்கும் என்று நினைத்தாள். வெள்ளை வந்ததால்தான் திட்டமே வேண்டாம் என்றாகிவிட்டது.

பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். பையன்களுக்கு இன்னும் ஒன்றுமே சொல்லித்தரவில்லை, எந்தக் கேள்வியை மெஷினிடம் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று யாருக்கும் தெரியாது, வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவர்கள் தப்பைக் கண்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றாள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிலுக்குக் கீழே பெயர் போடுவதையும் எடுத்துவிடு என்றார். மெஷின் சொன்ன பதிலுக்கு மனுஷன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

“தப்பான மருந்து போயிட்டுதுன்னா யாரு மாமா போயி நிக்கது?”

“அம்மை சொல்லித்தான ஆரம்பிக்கோம். அவ பாத்துக்கிடுவா.”

போய் நிற்பது என்றால் என்ன என்று பூமாரிக்குத் தெரிந்ததே சுமதியால்தான். போன வருஷம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குச் சுமதி அளவைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். செடி கருகிப்போயிற்று. கடையில் எல்லாரும் விஷயத்தை மூடிவிடலாம் என்றபோது, அவள் பஸ் ஏறிப் போய் வரப்பில் நின்று, தப்பு என்னுடையதுதான் என்றாள். அந்தத் தோட்டத்துச் சம்சாரி வாயில் வந்ததையெல்லாம் பேசினான். நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் இன்றைக்கும் இவர்கள் கடையில்தான் விதை வாங்குகிறான். திட்டத்தில் பெயருக்கென்று ஓர் இடம் வந்ததற்குக் காரணமே அதுதான்.

பின் சீட்டில் சுமதி மடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் பூமாரியின் பின்னந்தலையிலேயே இருந்தது.

*

கடைக்கு வந்ததும் வராததுமாகச் சுமதி பூமாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உரக் குடோனுக்குள் போனாள். மூட்டைகளின் நெடி மூக்கில் ஏறியது. மடியிலிருந்ததை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

“உள்ளதச் சொல்லுட்டி. இந்த வேலையப் பாத்தது நீதான?”

பூமாரி பூவைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். விஷயம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் முகம் வெளுத்துப்போயிற்று.

“வெள்ளை வரணும்னு வேண்டிக்கிட்டேன் சித்தி, அது சத்தியம். ஆனா நான் கை வைக்கல. அந்த மோட்டார் ரூம் வாசல்ல கூட என்னைய யாரும் விட்டதில்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே உறைத்தது. மோட்டார் ரூமுக்குள் போகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

இரண்டு பேரும் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். வெளியே பையன்கள் கேசரிக்கும் மிக்சருக்கும் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சுமதி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனாள். வாசுதேவநல்லூரில் கிளை திறக்கலாமா என்று கேட்ட பூ வெள்ளை. அண்ணன் அதற்கு முன்பே அங்கே கடை பிடித்திருந்தார். சித்தப்பாவோடு சேர்ந்து தொழில் பண்ணலாமா என்ற பூ சிவப்பு. அண்ணனுக்குச் சித்தப்பாவைக் கண்டாலே ஆகாது. அவர் நினைத்ததற்கு மாறாக ஒரு தடவையாவது பூ வந்திருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை.

தன் கல்யாணத்துக்கும் பூ கேட்டார்களா என்று பூமாரி மெதுவாகக் கேட்டாள். கேட்டார்கள், வெள்ளை வந்தது, உன்னைப் பார்த்த அன்றைக்கே அண்ணனுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றாள் சுமதி. பூமாரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

 அப்புறம் சுமதி தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சிவகிரி எலுமிச்சைத் தோட்டம்வரை அவள் போய்விட்டாள் என்று பூமாரிக்குப் புரிந்தது. தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள் சுமதி.

*

சாயங்காலம் கடை நிறைந்துவிட்டது. மூன்று கிளையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். போன் மேசைமேல் மாலை போட்ட புது மானிட்டர், பக்கத்தில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். மேசைக்குப் பின்னால் சுமதியின் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள், இடத்தை அடைக்கிறது என்று.

ஆறுமுகச்சாமி பேசினார். நம் கடை காலத்தோடு போகிற கடை என்றார். இதற்கு அம்மனே உத்தரவு கொடுத்திருக்கிறாள் என்றார். கிளைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். சாம்சன் மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினான். பூமாரிக்கு அந்தத் தலைகளைப் பார்க்கப் பார்க்க உடம்பு கொதித்தது. தப்பென்று தெரிந்தாலும் இந்தத் தலைகள் இப்படித்தான் ஆடும். இவர்கள் கையில்தான் மெஷினைக் கொடுக்கப் போகிறார்கள்.

அன்றைக்கு வந்து நின்ற முதல் கேள்வியைத் திறந்தார்கள். சிவகிரி ராஜதுரை. எலுமிச்சை இலை சுருண்டு, திட்டுத் திட்டாக இருக்கும் போட்டோ. இதற்கு என்ன அடிக்க வேண்டும், எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டிருந்தான்.

கூட்டம் எட்டிப் பார்க்க, மெஷின் எழுத ஆரம்பித்தது. மருந்தின் பெயர், டேங்குக்கு எத்தனை மில்லி, எந்த நேரத்தில் அடிப்பது, எல்லாம் அச்சடித்தமாதிரி வந்து நின்றது. பையன்கள் கை தட்டினார்கள். ஆறுமுகச்சாமி அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். பதிலுக்கு அடியில் ஒரு கட்டம் வந்து நின்றது. ‘பார்த்தவர் பெயர்.’

“இத எடுக்கச் சொன்னேம்லா.”

எடுக்க மனசு வரவில்லை மாமா என்றாள் பூமாரி. கண்ணைத் தாழ்த்தவில்லை. இது போகிற தோட்டத்தில் செடி கருகினால் அந்த மனுஷன் யாரிடம் வந்து கேட்பான் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்.

இத்தனை பேருக்கு நடுவில் மருமகளோடு மல்லுக்கட்ட ஆறுமுகச்சாமி விரும்பவில்லை. சிரித்துச் சமாளித்தார்.

“சரி, அதுக்கென்ன. ஏட்டி சுமதி, உன் பேரைப் போடு. காரியம் நடக்கட்டும்.”

சுமதி ஓரத்தில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காலையில் வீட்டுக்குப் போ என்றாகிவிட்ட ஆள். இப்போது பழி சுமக்க மட்டும் அவள் பெயர் வேண்டும். நடந்து வந்தாள். மடியிலிருந்து இலைச் சுருளை எடுத்து, மானிட்டருக்கு முன்னால் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தாள். வெள்ளரளி வாடிப்போயிருந்தது, ஆனால் நிறம் மாறவில்லை.

“எடுக்காத பொட்டலம் அண்ணே. கெணத்துல விழல.”

ஆறுமுகச்சாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய மீதிப் பேர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்கள். அவர் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கையை அசைத்தார். பூமாரியும் சுமதியும் மட்டும் நின்றார்கள். சாம்சன் வாசல்வரைக்கும் போய் அங்கேயே நின்றுகொண்டான்.

பூமாரி ஆசைப்பட்டாள், சிவப்பு வந்தால் பிள்ளை மனசு ஒடிந்துபோகுமே என்றுதான் அப்படிச் செய்தேன் என்றார் ஆறுமுகச்சாமி. பழியை மருமகள் தலையில் அவ்வளவு பக்குவமாக இறக்கி வைத்தார். பூமாரி வாயைத் திறக்கப் போனாள். சுமதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இவளுக்கு வச்சத நான் கேக்கல. எனக்கு வச்சதுல என்ன இருந்துச்சு?”

அவர் மானிட்டரில் தொங்கிய மாலையைச் சரிசெய்தார்.

“சிவகிரிக்காரங்க வந்துட்டுப் போனாங்களே. அன்னைக்கு ரெண்டுலயும் செவப்பா?”

 ஆறுமுகச்சாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சுமதி நம்பிக்கூட இருப்பாள், இத்தனை காலம் நம்பினவள்தானே. ஆனால் அந்த வாடிய பூ எதிரே இருந்தது.

“கடை தொறந்த புதுசுட்டி. அப்பாவும் படுத்துட்டாவ. எனக்கு ஆள் இல்ல.”

இவ்வளவுதான். மூன்று வாக்கியம். சுமதிக்கு அழுகை வரும் என்று பூமாரி பயந்தாள். வரவில்லை. அண்ணனை அவள் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை, அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

“நீ கட்டி வச்சத என் கையாலயே எடுக்க வச்ச. அந்தக் கைய நான் எத்தன வருசம் வஞ்சிருப்பேன் தெரியுமா?”

“சுமதி...”

“கடைக்கு ஆள் வேணும்னு என்னைய வச்சிக்கிட்ட. இன்னைக்கு ஆள் வேண்டாம்னுட்ட. அப்பம் என்னைய எனக்குத் திருப்பிக் குடு.”

அவர் அதற்கு என்ன கொடுப்பார், பாவம். சுமதி நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்தாள். தட்டிலிருந்த குங்குமத்தை வலது கை விரலால் தொட்டு எடுத்துப் பூமாரியின் நெற்றியில் வைத்தாள். பூமாரிக்கு அந்த இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. சுமதி திரையிலிருந்த ராஜதுரையின் எலுமிச்சை இலையை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் போன பிறகு ஆறுமுகச்சாமி ஓரத்தில் கிடந்த அவளுடைய நாற்காலியை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் முனகியது. ராஜதுரையின் குரல் பதிவு. பூமாரி போட்டாள்.

“சுமதி இருக்காவளா? பதிலு வரலயே. ஸ்பிரேயர்க்காரன் வந்து நிக்கான். பொழுது எறங்குததுக்குள்ள அடிக்கணும். என்ன மருந்துன்னு சீக்கிரம் சொல்லுங்க.”

மெஷின் எழுதிய பதில் திரையில் அப்படியே இருந்தது. சரியான பதிலாகத்தான் இருக்கும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கட்டம் மட்டும் காலியாக, ஒரு சின்னக் கோடு அதில் மினுக் மினுக்கென்று நின்றது. ஆறுமுகச்சாமி அதைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

“நீ போடேன் மக்கா.”

“எனக்கு எலுமிச்சையப் பத்தித் தெரியாது மாமா. தெரியாததுக்கு நான் பேர் போடமாட்டேன்.”

அவர் விரல் கீபோர்டுக்கு மேலே போயிற்று. இந்தக் கடையின் போர்டில், பில்லில், கேலண்டரில் எல்லாம் அச்சடித்திருக்கும் பெயர்தான். இப்போது அதன் முதல் எழுத்தைத் தேடி எடுக்க அவருக்குக் கை வரவில்லை. விரலை மடக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“ஏலே சாம்சன், அவ எங்கன போறான்னு பாரு. போயிக் கூட்டிட்டு வா.”

சாம்சன் அசையவில்லை. தலையும் ஆடவில்லை.

“சிவகிரி பஸ்ல ஏறிட்டாவ அண்ணாச்சி.”